லாங் என்னும் பெயர்: லூசியானாவில் ஒரு குடும்பப் பெயர் வாக்காக மாறிய வரலாறு

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் அரசமைப்பு, தனது முதற்கூறின் 9-ஆம் பிரிவில், ஒன்றியம் எவருக்கும் பிரபுப் பட்டம் வழங்கலாகாது என்று விதிக்கிறது. அடுத்த பிரிவு அதே தடையை மாநிலங்களுக்கும் நீட்டிக்கிறது. அலெக்சாண்டர் ஹாமில்டன் தமது ‘ஃபெடரலிஸ்ட்’ 84-ஆம் கட்டுரையில் இத்தடையைக் குடியரசு ஆட்சியின் மூலைக்கல்லாகக் கருதினார். வர்ஜீனியாவில் நிலச்சொத்தைப் பிரிக்கவோ விற்கவோ விடாமல் வழிவழியாகக் கட்டிவைக்கும் முறை 1776-இல் ஒழிக்கப்பட்டது. மூத்த மகனுக்கே முழு நிலமும் என்ற விதி 1785-இல் நீக்கப்பட்டது. இரண்டின் பின்னாலும் தாமஸ் ஜெஃபர்சன் இருந்தார். விடுதலைப் போரில் பங்கேற்ற அதிகாரிகள் 1783-இல் தொடங்கிய சின்சினாட்டி சங்கம், உறுப்புரிமையை மூத்த மகனுக்கு மரபுரிமையாக்கியபோது எழுந்த எதிர்ப்பும் இதே அச்சத்திலிருந்து பிறந்ததே. பிறப்பால் வரும் அதிகாரத்தைப் புதிய குடியரசு எல்லா வாயில்களிலும் தடுக்க முயன்றது.

ஆயினும் அந்நாட்டின் குடியரசுத் தலைவர் பட்டியலில் ஐந்து குடும்பப் பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்க்கு உரியவை: ஆடம்ஸ், ஹாரிசன், ஜான்சன், ரூஸ்வெல்ட், புஷ். இவற்றுள் ஜான்சன் என்பது வெறும் ஒற்றுமை. ஆண்ட்ரூ ஜான்சனுக்கும் லிண்டன் ஜான்சனுக்கும் உறவில்லை. எஞ்சிய நான்கும் உறவைக் குறிப்பவை. ஆடம்ஸ், புஷ் ஆகியவற்றில் தந்தையும் மகனும். ஹாரிசனில் பாட்டனும் பேரனும். ரூஸ்வெல்ட்டில் தூரத்துத் தாயாதியர். பட்டத்தைத் தடுத்த அரசமைப்பு பெயரைத் தடுக்கவில்லை, தடுக்கவும் இயலாது.

தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழ் மரபில், தலைமுறைதோறும் அவ்வெழுத்து மாறுகிறது. அமெரிக்க வழக்கில் குடும்பப் பெயர் மாறாமல் தொடர்கிறது. வாக்குச்சீட்டிலும் அதுவே அச்சாகிறது. எனவே ‘அரசியல் வாரிசு’ என்னும் பொதுச்சொல்லுக்குள் அடங்காத ஒரு கேள்வி அங்கு எழுகிறது. பதவியும் பணமும் அமைப்பும் கைமாறுவதை அறிவோம். ஆனால் பெயர் என்னும் ஒரு சொல் தன்னளவில் எதைக் கைமாற்றுகிறது? எர்னஸ்டோ டால் போ, பெட்ரோ டால் போ, ஜேசன் ஸ்னைடர் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, நாடாளுமன்றத்தில் நீண்ட காலம் பதவி வகித்தவரின் உறவினர் பின்னாளில் அங்கு நுழையும் வாய்ப்பு மிகுதி என்று காட்டியது. அதிகாரம் அதிகாரத்தைப் பெறுகிறது என்பது அதன் முடிவு. எவ்வாறு பெறுகிறது என்பதை ஒரு தனிக்குடும்பத்தின் வரலாறே நெருக்கமாகக் காட்டும்.

அதற்கு மாசசூசெட்ஸின் ஆடம்ஸையோ கென்னடியையோவிட லூசியானாவின் லாங் குடும்பம் பொருத்தமானது. இக்குடும்பத்துக்குப் பழைய செல்வமில்லை. விடுதலைப் போரின் புகழில்லை. புகழ்பெற்ற கல்லூரியின் பாரம்பரியமில்லை. 1918-க்கு முன் லூசியானாவில் அப்பெயருக்கு அரசியல் பொருளே இல்லை. அடுத்த எழுபது ஆண்டுகளில் அதே பெயர் இரண்டு ஆளுநர்களையும், மூன்று செனட் உறுப்பினர்களையும், பிரதிநிதிகள் அவைக்கு நான்கு உறுப்பினர்களையும் தந்தது. வெறுமையிலிருந்து உருவாகி, உச்சம் கண்டு, கலைந்த பெயர் அது.

வின் பாரிஷின் மண்

லூசியானாவில் மாவட்டத்தைப் பாரிஷ் என்பர். மாநிலத்தின் வடபகுதியில் பைன் மரக் குன்றுகள் நிறைந்த வின் பாரிஷ் வளமற்ற நிலம். பெரும் பருத்திப் பண்ணைகளும் அடிமைகளை உடைமையாகக் கொண்ட பெருநிலக்கிழார்களும் இங்குக் குறைவு. 1861-இல் தென்மாநிலங்கள் ஒன்றியத்தைவிட்டுப் பிரிய முனைந்தபோது இப்பகுதி அதை எதிர்த்தது. 1890-களில் சிறு உழவர்களின் மக்கள் கட்சி இங்கு வலுப்பெற்றிருந்தது. 1912-இல் சோசலிச வேட்பாளர் யூஜின் டெப்ஸுக்கு இங்குக் கிடைத்த வாக்கு விகிதம் தென்னகத்தில் வியப்புக்குரியது. 1893-இல் வின்ஃபீல்ட் என்னும் சிற்றூரில் ஹியூயி லாங் பிறந்தபோது, எதிர்ப்பு என்பது அம்மண்ணின் பழைய வழக்கமாகவே இருந்தது.

ஊர் ஊராகச் சென்று சமையற் கொழுப்பு விற்ற இளைஞர், சிறிது காலமே சட்டம் பயின்று 1915-இல் வழக்குரைஞரானார். 1918-இல் மாநில இரயில்வே ஆணையத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தோடு மோதிப் பெயர் பெற்றார். 1924-இல் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார், 1928-இல் வென்றார். அமெரிக்க மாநில ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஆட்சித் தலைவர் என்பதை இந்திய வாசகர் நினைவில் கொள்ளவேண்டும். அன்றைய லூசியானாவில் குடியரசுக் கட்சிக்கு வலுவில்லை. ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் வென்றவரே ஏறத்தாழ ஆளுநர். கட்சி ஒன்றே என்னும்போது வாக்காளர் எதைக்கொண்டு வேறுபடுத்துவர்? லாங் குடும்பப் பெயரின் வரலாறு இக்கேள்விக்குள்தான் தொடங்குகிறது.

சாலை, புத்தகம், பெயர்

ஹியூயி லாங் ஆளுநரானபோது மாநிலத்தில் கற்காரை, தார் ஆகியவற்றால் பாவிய சாலை சுமார் 300 மைல் மட்டுமே. 1935-க்குள் அது 2,000 மைலைக் கடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத முதியோர்க்கு இரவுப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அவற்றில் கறுப்பினத்தவரும் பயின்றனர். பள்ளிக் குழந்தைகளுக்குப் பாடநூல் இலவசமானது. அதற்கான பணம் நிலத்திலிருந்து எடுக்கப்படும் எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின்மீதான வரியிலிருந்து வந்தது. கத்தோலிக்கப் பள்ளிகளில் பயில்வோர்க்கும் நூல் வழங்கியதை எதிர்த்து வரிசெலுத்துவோர் சிலர் தொடுத்த வழக்கில், பயன் பெறுவது பள்ளியன்று, குழந்தையே என்னும் வாதத்தை ஏற்று 1930-இல் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தை உறுதிசெய்தது. வாக்களிக்க முன்நிபந்தனையாயிருந்த தலைவரி 1934-இல் ஒழிக்கப்பட்டது. ஏழை வெள்ளையர் பெருந்திரளாக வாக்காளராயினர்.

இவை யாவும் மாநிலத்தின் வரிப்பணத்தில், மாநிலத்தின் சட்டத்தால் நடந்தவை. ஆனால் மக்கள் நினைவில் அவை மாநிலத்தின் செயலாகப் பதியவில்லை. ஒரு மனிதரின் கொடையாகப் பதிந்தன. இது தற்செயலன்று. மாநில அரசுப் பணியில் இருப்போரின் ஊதியத்தில் ஒரு பங்கு அணியின் நிதிக்காகப் பிடித்தம் செய்யப்பட்டது. வேலை பெற்றவர் தமக்கு வேலை தந்தது அரசா லாங்கா என்று ஐயுறத் தேவையே இருக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸுக்கு அருகில் மிசிசிப்பி ஆற்றின்மேல் 1935 டிசம்பரில் திறக்கப்பட்ட பாலத்துக்கு அவர் பெயர். 1940-இல் பேட்டன் ரூஜில் திறக்கப்பட்ட பாலத்துக்கும் அவர் பெயரே. ஆற்றைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அப்பெயரைக் கடக்கவேண்டியிருந்தது.

சுத்திகரிக்கப்பட்ட எண்ணெய்மீது பீப்பாய்க்கு 5 சென்ட் வரி விதிக்க 1929-இல் அவர் முயன்றபோது, சட்டமன்றத்தின் கீழவை அவர்மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டைக் கொண்டுவந்தது. மேலவையின் 15 உறுப்பினர்கள், எந்தச் சான்று வந்தாலும் அவரைத் தண்டிக்க வாக்களிப்பதில்லை என்று கூட்டாக ஒப்பமிட்டதால் வழக்கு வீழ்ந்தது. அதன்பின் லூசியானாவில் அரசியல் என்பது இரண்டே நிலைப்பாடு: லாங்கை ஆதரிப்பது, லாங்கை எதிர்ப்பது. அரசியல் அறிஞர் வி. ஓ. கீ, தென்மாநில அரசியல் பற்றித் தாம் 1949-இல் வெளியிட்ட நூலில் லூசியானாவைத் தனித்துக் காட்டியது இக்காரணத்தால்தான். பிற தென்மாநிலங்கள் பலவற்றில் அணிகள் தேர்தலுக்குத் தேர்தல் உருவாகி மறைந்தன. லூசியானாவில் இரண்டு அணிகள் நிலைத்தன; ஆளுநர் முதல் கீழ்நிலைப் பதவி வரை ஒரே அணிப் பட்டியலாகப் போட்டியிட்டன. கட்சிச் சின்னம் செய்யவேண்டிய வேலையை ஒரு குடும்பப் பெயர் செய்தது.

1930-இல் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னும், தம்மோடு பகைகொண்டிருந்த துணை ஆளுநர் பால் சைர் ஆளுநராகிவிடக்கூடாது என்பதற்காக, 1932 ஜனவரி வரை அவ்விடத்தை ஏற்காமல் ஹியூயி ஆளுநராகவே தொடர்ந்தார். அவ்வாண்டு அவரது வின்ஃபீல்ட் நண்பர் ஆஸ்கர் கே. ஆலன் ஆளுநரானார், ஆட்சியின் கடிவாளம் செனட்டரின் கையிலேயே இருந்தது. தனிச்சொத்துக்கு உச்சவரம்பு விதித்துச் செல்வத்தைப் பகிரவேண்டும் என்னும் இயக்கத்தை 1934-இல் நாடெங்கும் தொடங்கினார். ஒவ்வொரு மனிதனும் அரசன் என்பது 1933-இல் வெளிவந்த அவரது தன்வரலாற்றின் தலைப்பு. 1935 செப்டம்பர் 8 அன்று, அவரே கட்டிய 34 மாடிச் சட்டமன்றக் கட்டடத்தில் சுடப்பட்டு, 10-ஆம் நாள் இறந்தார். வயது 42.

விதவையும் தம்பியும்

அரசர் இல்லாத நாட்டில் அரசுரிமை எவ்வாறு கைமாறும் என்பதை அடுத்த சில மாதங்கள் காட்டின. அணியின் முதல் தேர்வு குடும்பத்தினர் அல்லர். ஆளுநர் ஆலன்தான் செனட் வேட்பாளராக நிறுத்தப்பட்டார். 1936 ஜனவரியில் அவர் திடீரென்று இறந்தார். மூன்று நாள் கழித்து, புதிதாகப் பொறுப்பேற்ற ஆளுநர் ஜேம்ஸ் நோ, ஹியூயியின் மனைவி ரோஸ் லாங்கைச் செனட்டுக்கு நியமித்தார். ஏப்ரலில் நடந்த சிறப்புத் தேர்தலிலும் ரோஸ் வென்றார். செனட்டில் அமர்ந்த மூன்றாம் பெண் அவர். ஆர்கன்சாவின் ஹேட்டி காரவே அப்போது உறுப்பினராக இருந்தமையால், ஒரே காலத்தில் இரு பெண்கள் செனட்டில் இருந்தது அதுவே முதன்முறை. கணவரின் இறப்பால் செனட்டுக்கு வந்த காரவே 1932-இல் மீண்டும் போட்டியிட்டபோது, ஆர்கன்சா முழுவதும் ஒரு வாரம் சுற்றி அவருக்காக வாக்குக் கேட்டவர் ஹியூயி லாங்தான்.

விதவை இருக்கை பெறுவது அன்றைய அமெரிக்க அரசியலில் ஒரு வழக்கமாகவே இருந்தது. அணிக்குள் போட்டியாளர் பலர் இருக்கும்போது, எவருக்கும் அஞ்சத் தேவையில்லாத இடைக்காலப் பெயராக விதவை கருதப்பட்டார். ரோஸ் லாங் 1937 ஜனவரியில் விலகினார். அவ்விருக்கை ஆலன் எல்லெண்டருக்குச் சென்றது. ஓராண்டுக்கும் குறைவான அக்காலம் பெயரை உயிரோடு வைத்திருந்தது என்பதே அதன் பயன்.

தம்பி ஏர்ல் லாங்கின் கதை வேறு. 1932-இல் துணை ஆளுநர் பதவியை அவர் விரும்பினார்; ஹியூயி வேறொருவரை ஆதரித்தார்; ஏர்ல் தனித்துப் போட்டியிட்டுத் தோற்றார். பகை முற்றியது. மாநிலத் தேர்தலில் நடந்த முறைகேடுகள் குறித்து 1933-இல் நியூ ஆர்லியன்ஸில் செனட் குழு விசாரித்தபோது, ஏர்லும் மற்றொரு சகோதரர் ஜூலியஸும் அண்ணனுக்கு எதிராகச் சான்றுரைத்தனர். எனினும் ஹியூயி இறந்த சில மாதங்களில், அதே அணியின் பட்டியலில் அதே பெயரோடு ஏர்ல் துணை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உயிரோடிருந்தவரின் பகை மறக்கப்பட்டது. இறந்தவரின் பெயர் போதுமானதாயிற்று.

போதுமானது என்பதற்கும் எல்லை இருந்தது. 1939-இல் பெரும் ஊழல் வெளிப்பட்டு ஆளுநர் ரிச்சர்ட் லெச்சே பதவி விலகினார். மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைவரும் சிறை சென்றார். லெச்சேயின் இடத்தில் ஏர்ல் ஆளுநரானார். ஆனால் 1940 தேர்தலில் சீர்திருத்த அணியின் சாம் ஜோன்ஸிடம் தோற்றார். ஒரு பெயர் நன்மைகளின் நினைவை மட்டுமன்றி, பழிகளின் நினைவையும் சுமக்கிறது. பிற வேட்பாளர்கள் தம் செயலுக்கு மட்டும் பொறுப்பேற்றனர். லாங் என்பவர் லெச்சேயின் செயலுக்கும் பொறுப்பேற்க நேர்ந்தது.

1948: இரட்டை வெற்றி

எட்டாண்டுக் காத்திருப்புக்குப்பின் 1948-இல் ஏர்ல் ஆளுநராகத் திரும்பினார். முதியோர் ஓய்வூதியம், பள்ளியில் இலவச மதிய உணவு, சாலைகள் என்று அண்ணனின் பட்டியலை நீட்டித்தார். விற்பனை வரியை இருமடங்காக்கினார். அவ்வாண்டு மே மாதம் செனட்டர் ஜான் ஓவர்டன் இறந்தார். ஹியூயியின் மகன் ரஸ்ஸல் லாங் அவ்விடத்துக்குப் போட்டியிட்டார். முதனிலைத் தேர்தலில் ராபர்ட் கென்னனை அவர் வென்றது மிகச் சிறிய வேறுபாட்டில்தான். பொதுத்தேர்தல் நவம்பர் 2 அன்று நடந்தது. மறுநாள் அவருக்கு 30 வயது நிறைந்தது; செனட் உறுப்பினராக அரசமைப்பு கோரும் குறைந்தபட்ச வயதும் அதுவே. தந்தையும் தாயும் செனட்டில் இருந்த பின் தாமும் அங்கு அமர்ந்தவர் அந்நாட்டு வரலாற்றில் அவர் ஒருவரே.

ஆயினும் மகன் தந்தையின் நகல் அல்லர். தந்தை எண்ணெய் நிறுவனங்களுக்கு வரி விதிக்க முயன்று பதவியை இழக்கும் நிலைக்குச் சென்றவர். மகனோ, எண்ணெய்க் கிணற்றின் வருவாயில் 27.5 விழுக்காட்டை வரியிலிருந்து கழித்துக்கொள்ள அனுமதித்த சலுகையின் முதன்மைக் காவலர்களுள் ஒருவரானார். தந்தை செனட்டின் மரபுகளை எள்ளியவர். மகன் அம்மரபுகளின் வழியே உயர்ந்து, 1966 முதல் 1981 வரை செனட் நிதிக்குழுவின் தலைவராக இருந்தார். 1969-இல் பெரும்பான்மைக் கட்சியின் கொறடாப் பதவிக்கான தேர்தலில் அவரைத் தோற்கடித்தவர் எட்வர்ட் கென்னடி. மற்றொரு குடும்பப் பெயரிடம் இப்பெயர் தோற்றது.

பெயர் ஒன்று, கொள்கை வேறு. அப்படியானால் வாக்காளர் எதைத் தொடர்ந்து ஆதரித்தனர்? ஹியூயி லாங்கின் வாழ்க்கை வரலாற்றை 1969-இல் எழுதிய டி. ஹாரி வில்லியம்ஸ் அவரைத் தேங்கிக் கிடந்த மாநிலத்தை அசைத்த மக்கள் தலைவராகக் கண்டார். ஆலன் பிரிங்க்லி 1982-இல் எழுதிய நூல், தொலைதூரப் பெருநிறுவனங்களால் தம் வாழ்வின் கட்டுப்பாட்டை இழந்த சிற்றூர் மக்களின் குரலை அவ்வியக்கத்தில் கேட்டது. இரண்டு விளக்கங்களும் ஹியூயிக்குப் பொருந்தும். ரஸ்ஸலுக்குப் பொருந்துவது கடினம். பெயரில் தொடர்ந்தது கொள்கையன்று. தம்மை முதன்முதலில் பொருட்படுத்தியவர் யார் என்னும் நினைவே. அந்நினைவு கொள்கையின் மாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டது.

லாங்கை எதிர்த்து லாங்

இவ்வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று பிரதிநிதிகள் அவையின் லூசியானா 8-ஆம் தொகுதி. வின்ஃபீல்டையும் அலெக்சாண்டிரியாவையும் உள்ளடக்கிய இத்தொகுதியை 1937 முதல் 1953 வரை வகித்தவர் லியோனார்ட் ஆலன். முன்னாள் ஆளுநர் ஆலனின் உடன்பிறந்தவர். அவருக்குப்பின் ஹியூயியின் மூத்த சகோதரர் ஜார்ஜ் லாங், பல் மருத்துவர், 1958-இல் இறக்கும்வரை அங்கு உறுப்பினர். 1960-இல் ஏர்ல் லாங் அத்தொகுதியில் நடப்பு உறுப்பினர் ஹெரால்ட் மெக்ஸ்வீனை முதனிலைத் தேர்தலில் வீழ்த்தினார். ஆனால் பதவியேற்கும் முன்பே செப்டம்பர் 5 அன்று இறந்தார். 1962-இல் தூரத்து உறவினர் கில்லிஸ் லாங் மெக்ஸ்வீனைத் தோற்கடித்தார்.

1964-இல் கில்லிஸை எதிர்த்து நின்றவர் மற்றோர் உறவினரான ஸ்பீடி லாங். வாக்குச்சீட்டில் இருபுறமும் லாங். இந்நிலையில் பெயர் எவருக்கும் கூடுதல் பயன் தர இயலாது. வேறுபாடு வேறெங்கோ இருந்தாக வேண்டும். 1963 ஜனவரியில், சட்ட முன்வரைவுகளை அவைக்கு வரவிடாமல் தடுத்துவந்த விதிமுறைக் குழுவின் விரிவாக்கத்தை நிலைப்படுத்தும் தீர்மானத்தைக் கில்லிஸ் ஆதரித்திருந்தார். தென்மாநில வெள்ளையர் பலர் அவ்விரிவாக்கத்தைக் குடியுரிமைச் சட்டங்களுக்குத் திறந்த கதவாகக் கண்டனர். ஸ்பீடி அதையே படைக்கலமாக்கினார், வென்றார். 1972-இல் ஸ்பீடி போட்டியிடாதபோது கில்லிஸ் திரும்பி வந்து 1985 ஜனவரியில் இறக்கும்வரை அங்கிருந்தார்; பிரதிநிதிகள் அவையில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் குழுவின் தலைவராகவும் பணியாற்றினார். அவர் மனைவி கேத்தரின் லாங் அவ்வாண்டு மார்ச்சில் நடந்த சிறப்புத் தேர்தலில் வென்றார். ரோஸ் லாங்குக்கு அரை நூற்றாண்டு கழித்து, அதே குடும்பப் பெயரில், அதே வழியில் மற்றொரு விதவை.

1964-இன் போட்டி இக்குடும்ப வரலாற்றின் பெருங்கேள்வியைத் தொடுகிறது. ஹியூயியின் ஆட்சி கறுப்பின மக்களுக்குப் பள்ளியிலும் மருத்துவமனையிலும் சில பயன்களைத் தந்தது, வாக்குரிமையைத் தரவில்லை. தலைவரி ஒழிந்த பின்னும் வெள்ளையர் மட்டும் வாக்களிக்கும் முதனிலைத் தேர்தல் தொடர்ந்தது. 1944-இல்தான் உச்சநீதிமன்றம் அம்முறையைச் செல்லாததாக்கியது. 1940-இல் மாநிலத்தில் பதிவுபெற்ற கறுப்பின வாக்காளர் ஆயிரத்துக்கும் குறைவு. 1956-இல் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அவர்களுள் பெரும்பாலோர் ஏர்ல் லாங்கின் வாக்காளர்கள்.

1956-இல் தென்மாநில உறுப்பினர்கள் பள்ளிகளில் இன ஒருங்கிணைப்பை எதிர்த்து வெளியிட்ட அறிக்கையில் ரஸ்ஸல் லாங், ஜார்ஜ் லாங் இருவரும் ஒப்பமிட்டனர். ரஸ்ஸல் 1964-இன் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். ஆனால் மாநில மேலவை உறுப்பினர் வில்லி ரெய்னாக் கறுப்பினத்தவரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க முனைந்தபோது, 1959 மே மாதத்தில் சட்டமன்றத்தில் வெகுண்டெழுந்து எதிர்த்தவர் ஆளுநர் ஏர்ல். இன ஒருங்கிணைப்பை அவர் ஆதரித்தவர் அல்லர். தம் வாக்காளரைக் காத்தார் என்று சொல்வாரும் உண்டு. அப்பேச்சின்போது அவர் மனநிலை குலைந்தது. குடும்பத்தினர் அவரை டெக்சாஸின் கால்வஸ்டனுக்கும், பின்னர் லூசியானாவின் மாண்டெவில் மனநல மருத்துவமனைக்கும் அனுப்பினர். உள்ளிருந்தபடியே, ஆளுநர் என்னும் அதிகாரத்தால் மருத்துவமனைகளின் தலைமை அதிகாரியை நீக்கிப் புதியவரை அமர்த்தி வெளியேறினார். இந்நிகழ்ச்சியை நகைச்சுவையாகச் சொல்வோரே மிகுதி. அச்சீற்றம் எழுந்தது யாருடைய வாக்குரிமைக்காக என்பது பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

ஒரே காலத்தில், ஒரே பெயரில், மூன்று நிலைப்பாடுகள். பெயர் கொள்கையைக் கைமாற்றுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பெயர் கலைந்த விதம்

1987 ஜனவரி 3 அன்று இரண்டு லாங்குகள் ஒரே நாளில் நாடாளுமன்றத்தைவிட்டு வெளியேறினர். ரஸ்ஸல் 38 ஆண்டுக்குப்பின் ஓய்வு பெற்றார். கேத்தரின் மீண்டும் போட்டியிடவில்லை. 8-ஆம் தொகுதியைக் குடியரசுக் கட்சியின் கிளைட் ஹாலோவே கைப்பற்றினார். 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப்பின் அத்தொகுதியே நீக்கப்பட்டது. பின்னாளில் மாநில மேலவைக்கு ஜெரால்ட் லாங் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் குடியரசுக் கட்சியினர். பெயர் அணியைக் குறித்த காலம் அதற்குள் முடிந்திருந்தது.

எவரும் இப்பெயரைத் தோற்கடிக்கவில்லை, அது தேவையற்றதாயிற்று. ஒற்றைக் கட்சி மாநிலத்தில் வாக்காளருக்கு வழிகாட்டிய குறியீடு, இரு கட்சிகள் போட்டியிடத் தொடங்கியதும் வேலையிழந்தது. 1965-இன் வாக்குரிமைச் சட்டம் வாக்காளர் தொகையை மாற்றியது. ஓய்வூதியமும் மருத்துவ உதவியும் ஒன்றிய அரசின் சட்டங்களாயின. மாதந்தோறும் அஞ்சலில் வரும் காசோலைக்கு வின்ஃபீல்டின் எந்தக் குடும்பத்துக்கும் நன்றி சொல்லவேண்டியதில்லை. பாடநூல் ஒருவரின் கொடையாக இருக்கும்வரை அக்கொடையாளரின் உறவினர்க்கு வாக்கு உண்டு. அது உரிமையாகிப் பழகிவிட்டால், எவர் பெயராலும் வாக்குக் கேட்க இயலாது.

இங்குக் குடும்பப் பெயர்களைப் பற்றிய பொதுவான ஆய்வுகளுக்கு ஒரு திருத்தம் கிடைக்கிறது. அரசியல் குடும்பங்களைச் செல்வத்தின் தொடர்ச்சியாகவோ, வாக்காளரின் அறியாமையாகவோ மட்டும் விளக்குவது போதாது. லூசியானாவின் ஏழை உழவர் ஏமாந்து ஒரு பெயருக்கு வாக்களித்தவர் அல்லர். சட்டமும் கட்சியும் தமக்கு எதையும் உறுதிசெய்யாத நிலையில், முன்பு ஒருமுறை பலன் தந்த பெயரை நம்புவது அவர்கள் அறிந்த ஒரே காப்புறுதி. குற்றம் அந்நம்பிக்கையில் இல்லை; உரிமையாக வரவேண்டியதைக் கொடையாக வரச்செய்த ஆட்சிமுறையில் இருக்கிறது. அரசமைப்பு பட்டங்களைத் தடைசெய்தபோது பிரபுக்களை எண்ணித் தடைசெய்தது. கொடையாளர்களை அது எண்ணிப் பார்க்கவில்லை.

ரஸ்ஸல் லாங்கின் நீண்ட பணியில் பலரும் அறியாத ஒரு சட்டம் உண்டு. குறைந்த ஊதியத்தில் உழைக்கும் குடும்பங்களுக்கு வரிக் கணக்கு வழியாகவே பணம் திருப்பித் தரும் வருவாய் வரி வரவு, அவர் நிதிக்குழுத் தலைவராக இருந்து முன்னின்று 1975-இல் நிறைவேற்றியது. பின்வந்த ஆட்சிகள் இரு கட்சிகளிலிருந்தும் அதை விரிவுபடுத்தின. இன்று ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதனால் பயன்பெறுகின்றன. செல்வத்தைப் பகிர்வது பற்றித் தந்தை வானொலியில் முழங்கியதில் எதுவும் சட்டமாகவில்லை; மகன் குழு அறையில் எழுதியது நிலைத்தது. அப்பணத்தைப் பெறுவோர் நிரப்பும் வரிப்படிவத்தில் லாங் என்னும் பெயர் எங்கும் இல்லை.